மூவாயிரம் டாலர் கட்டினால் அமெரிக்காவில் வேலையா?

கேள்வி: என் மகள் டெக்சாஸில் எம்.எஸ். டேட்டா சயின்ஸ் படிக்கிறாள். மே 15-ல் படிப்பு முடிகிறது. வங்கிக் கடன் 40 லட்சம், வட்டி 11%. நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேலை இன்னும் அமையவில்லை. அங்கே ஒரு கன்சல்டன்சி, 3,000 டாலர் கட்டினால் பயிற்சி கொடுத்து, ரெஸ்யூமேயில் நான்கு வருட அனுபவமும் சேர்த்து, வேலையில் உட்கார வைத்துவிடுவதாகச் சொல்கிறது. என்னிடம் எஃப்.டி.யில் 6 லட்சம் இருக்கிறது. அதை உடைத்துக் கட்டலாமா, இல்லை கடனில் போட்டுவிடலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த 6 லட்சத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

உங்கள் மகள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறாள். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். டேட்டா சயின்ஸ் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வருவதால் மேலும் 24 மாதம் நீட்டிக்க முடியும். பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தில் உள்ள பாடப்பிரிவு எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோருக்கு இந்த அளவு தெரியும். தெரியாதது, முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது என்பது. சனி, ஞாயிறும் கணக்கில் வரும். பயத்தில் பிள்ளைகள் இப்படிப்பட்ட ஆட்களிடம் போய் விழுவது இந்த 90 நாளால்தான்.

ஆனால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்பது ஓரளவு அவள் கையில் இருக்கிறது. படிப்பு முடிந்த 60 நாளுக்குள் எந்தத் தேதியையும் ஓ.பி.டி. தொடக்கமாகக் கேட்கலாம். மே 15-ல் முடிகிறவள் ஜூலை 14 என்று போட்டால், 90 நாள் அக்டோபர் இரண்டாம் வாரம்தான் தீரும். மே 16 என்று போட்டால் ஆகஸ்ட் நடுவிலேயே தீர்ந்துவிடும். விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்தே அனுப்பலாம், வேலை அனுமதி அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. தொடக்கத் தேதிக்கு முன்னால் வேலையில் சேர முடியாது என்பதால், கையில் ஆஃபர் வந்துவிட்டால் முன்தேதிதான் சரி.

இப்போது உங்கள் பணத்துக்கு வருவோம். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். அறையைப் பகிர்ந்துகொண்டு, வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு அவளுக்கு மாதம் 1,200 டாலர் ஆகும் என்றால் 1.08 லட்சம். கடனுக்கு வட்டி மட்டும் மாதம் சுமார் 36,700. இரண்டும் சேர்த்து 1.45 லட்சம். 6 லட்சத்தில் நான்கு மாதம் ஓட்டலாம். கன்சல்டன்சிக்கு 2.7 லட்சம் போனால் இரண்டே கால் மாதம். அதற்குள் அவர்கள் சொன்ன வேலை வரவில்லை என்றால் பணமும் இல்லை, நாளும் இல்லை.

வரும் என்றே வைத்துக்கொள்வோம். ஒழுங்கான ஸ்டாஃபிங் நிறுவனம் தன் பங்கை ஆள் கேட்கும் கம்பெனியிடம்தான் வாங்கும், வேலை தேடுகிறவரிடம் அல்ல. அதைவிட, 24 வயதுப் பெண்ணுக்கு நான்கு வருட அனுபவம் எழுதுவது பொய்ச் சான்று. இன்று வேலை வாங்கிக் கொடுத்தாலும் நாளை விசாவில் நிற்கும். ஸ்டெம் நீட்டிப்புக்குக் கம்பெனி, ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் இ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். "பெஞ்சில் இரு, ப்ராஜெக்ட் வந்ததும் சம்பளம்" என்பதெல்லாம் அங்கே செல்லாது. 2019 ஜனவரியில் வெளிவந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழக விவகாரம் நினைவிருக்கலாம். விசா மோசடியைப் பிடிக்க அமெரிக்க அரசே மிச்சிகனில் வைத்திருந்த போலிப் பல்கலைக்கழகம் அது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுப் பிள்ளைகள். "எல்லாரும் செய்கிறார்கள்" என்பதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை.

நாள் நெருக்கினால் நேர்வழி ஒன்று இருக்கிறது. முதல் 12 மாதத்தில் தன் துறையிலேயே வாரம் 20 மணி நேரம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாலும் அது வேலையாகவே கணக்கிடப்படும். தொழிலாளர் சட்டத்தை மீறாததாக இருந்தால் போதும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு குடும்பத்துப் பையன் தன் பேராசிரியரின் ஆய்வகத்தில் இப்படித்தான் ஐந்து வாரம் தரவு சுத்தம் செய்துகொண்டிருந்தான். நாள் எண்ணிக்கை நின்றது. பரிந்துரைக் கடிதமும் கிடைத்தது. ஸ்டெம் நீட்டிப்பில் இது நடக்காது.

வேலை கிடைத்ததும் முதல் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிக்கேர் (முதியோர் மருத்துவம்) வரி என்று 7.65% பிடித்திருந்தால் தவறு. எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அது கிடையாது. 70,000 டாலர் சம்பளத்தில் அது வருடத்துக்கு 5,355 டாலர், ஏறக்குறைய 4.8 லட்சம். பிடித்துவிட்டால் முதலில் கம்பெனியிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அவர்கள் தரவில்லை என்றால் அமெரிக்க வரித்துறையிடம் திருப்பிக் கேட்க 843 என்ற படிவம் இருக்கிறது.

கடனைப் பொறுத்தவரை, எச்-1பி என்ற வேலை விசா வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டுக்கு 85,000 பேருக்குத்தான் இடம். அதில் 20,000 அங்கே முதுகலை முடித்தவர்களுக்கு. விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கையில் இருப்பது 36 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 40 லட்சத்தை முழுவதும் அடைக்க மாதம் 1.31 லட்சம் வேண்டும், அதாவது 1,455 டாலர். பத்து வருடத் தவணை என்றால் மாதம் 55,100. ஊர் திரும்பினாலும் இங்கே ஒரு சம்பளத்தில் தாங்கக்கூடியது இதுதான். அதனால் கட்டாயத் தவணையைப் பத்து வருடத்துக்கே வைத்துக்கொண்டு, டாலர் வரும் வரை கூடுதலாகக் கட்டுங்கள்.

அதுவரை அந்த மாத வட்டியை உங்கள் வருமானத்திலிருந்து கட்ட முடிந்தால் கட்டுங்கள். விட்டால் அசலில் ஏறும். பழைய வருமான வரிமுறையில் இருந்தால் கல்விக் கடனுக்கான பிரிவில் (1961 சட்டத்தில் 80இ) அந்த வட்டி முழுவதையும் எட்டு ஆண்டு வரை வருமானத்தில் கழிக்கலாம். மகள் அங்கிருந்து கட்டினால் உங்களுக்குக் கழிவு கிடையாது.

அப்புறம், அந்த எஃப்.டி. ஒரே ரசீதா? அப்படியென்றால் முதிர்ந்ததும் இரண்டு இரண்டு லட்சமாக மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டின் வட்டி கெடாது.