மார்பரிக்குச் சிலை வைத்த ஊரில் உங்களுக்கு முதலில் வேண்டியது போலீஸ் பதிவுச் சீட்டு

தம்பி, பெய்ஜிங்கில் வேலை கிடைத்திருக்கிறது, சீன மொழி சுத்தமாகத் தெரியாது, குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம், சைவச் சாப்பாடு, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்றும் வரிசையாகக் கேள்விகள். நடுவில் இப்படி ஒன்று: "அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபான் மார்பரிக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்களாமே, வெளியூர்க்காரர்களை அவ்வளவு நன்றாக வைத்துக்கொள்வார்களா?" மற்றதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். இதற்கு நான்தான் சொல்ல வேண்டும்.

சிலை உண்மைதான். 2012-ல் பெய்ஜிங்கின் வூகேசோங் கூடைப்பந்து அரங்கத்துக்கு வெளியே வைத்தார்கள். ஆனால் மனிதர் அந்த அரங்கத்தில் நேராக வந்து இறங்கவில்லை. நியூயார்க்கில் கோனி ஐலண்டுக்காரர். 1996-ல் அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நான்காவதாகப் போனவர், அந்த லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு இரண்டு தடவை தேர்வானவர். அப்படிப்பட்டவரைச் சொந்த ஊர் அணியான நிக்ஸே பெஞ்சில் உட்காரவைத்து, 2009-ல் கணக்குத் தீர்த்து அனுப்பியது. 2010 ஜனவரியில் அவர் வந்து இறங்கியது தாய்யுவானில். ஷான்சி மாகாணம், நிலக்கரி பூமி, கை விரல் மரத்துப்போகும் குளிர். அடுத்த சீசனுக்கு அந்த அணியும் வேண்டாம் என்றது. தெற்கே ஃபோஷானுக்குப் போனார். 2011-ல்தான் பெய்ஜிங். சீனாவின் கூடைப்பந்து லீக்கான சிபிஏவில் அதுவரை ஒரு கோப்பைகூட வாங்காத அணி, 2012 மார்ச்சில் இறுதித் தொடரில் குவாங்டோங் அணியை 4-1 என்று சாய்த்தது. கடைசி ஆட்டத்தில் மார்பரி மட்டும் 41 புள்ளி. 2014, 2015 என்று இன்னும் இரண்டு கோப்பை. நீங்கள் கேள்விப்பட்ட சிலை இந்தக் கதையின் பாதி வழியில் வருவது.

முதல் ஊரில் வேண்டாம் என்றதும் அவர் விமானம் ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பாதித்த பணம் ஏழு தலைமுறைக்குக் காணும். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி கிடையாது, அதனால் காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"பிசினஸ் விசாவில் வாங்க, வந்த பிறகு மாத்திக்கலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். வேலைக்கு என்று இருப்பது இஸட் விசா. அதில் வந்து, 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டில் இறங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் தாள்கள் தேவை. வரிக்குப் பயந்து கொடுக்காமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. எனக்கு வாய்த்தவர் போனையே எடுக்கவில்லை. பெட்டி படுக்கையோடு காவல் நிலைய பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்க, அங்கிருந்த பெண் அதிகாரி தன் பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பதிவு மட்டும் போட்டுக் கொடுக்கவில்லை. இந்த ஊர் அப்படித்தான், அன்புக்குக் குறைவிருக்காது, தாள் இல்லாமல் காரியம் நடக்காது.

அப்புறம், வேலை அனுமதி உங்கள் பெயரில் இருந்தாலும் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும்தான் செல்லும். மாற வேண்டுமென்றால் பழைய இடம் விலகல் கடிதம் தர வேண்டும். என் முதல் கம்பெனி அதை வைத்துக்கொண்டு என்னை ஆட்டிவைத்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் சீன வடிவத்தை, கம்பெனி ஆள் அல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தகராறு என்று வந்தால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

எங்கே வீடு பார்ப்பது என்பதில் நம் ஆட்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். வடகிழக்குப் புறநகரான ஷுன்யி பக்கம் வில்லா, வீட்டுக்கு டிரைவர், வாரக் கடைசியில் ஒருவர் வீட்டில் கூடி சீனர்களைக் குறை சொல்லிக்கொண்டே பிரியாணி. பத்து வருஷம் இருந்தும் காய்கறிக்காரரிடம் விலை கேட்கத் தெரியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கேட்டால், மார்பரிக்கே சீன மொழி சரியாக வராதே என்பார்கள். வராதுதான். ஆனால் அவர் மெட்ரோவில் ஏறி ஜனங்களோடு நின்றுகொண்டு போனவர். அதோடு 41 புள்ளி போடுகிறவருக்கு மொழி எதற்கு?

நான் மேற்கே ஷிஜிங்ஷானில், முதலாம் நம்பர் மெட்ரோ பாதையில் பழைய குடியிருப்பு ஒன்றில் வீடு எடுத்தேன். அந்தப் பகுதியே ஷோகாங் இரும்பாலையால் வளர்ந்தது, மார்பரியின் அணியும் அந்த நிறுவனத்துடையதுதான். வாயில் காவலாளிச் சித்தப்பா, அப்படித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள், தன் காவல் கூண்டில் ஒரு சின்ன டிவி வைத்திருந்தார். சீன எண்கள் எனக்கு அந்தக் கூண்டுக்குள்தான் படிந்தன. ஒவ்வொரு கூடைக்கும் ஸ்கோரை அவர் கத்துவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், தப்பினால் சூரியகாந்தி விதை கிடையாது. 2012 இறுதி ஆட்டம் முடிந்து மார்பரி மைதானத்திலேயே அழுதபோது கூண்டுக்குள் நாங்கள் நாலைந்து பேர். சித்தப்பா மூக்கைச் சிந்திவிட்டு, குளிர் என்றார். மார்ச் 15-ம் தேதியோடு ஊர் முழுக்க ஹீட்டிங்கை நிறுத்திவிடுவார்கள், அதனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

கடைசிக் கதையையும் கேளுங்கள். நகரத்தின் கௌரவக் குடிமகன் பட்டம், நிரந்தரமாகத் தங்கும் அனுமதி அட்டை, அவரே நடித்த இசை நாடகம், எல்லாம் கிடைத்த பிறகு 2017-ல் அதே அணி, இனி ஆட வேண்டாம் என்றது. அவருக்கு 40 வயது. ஊரை விட்டுப் போகவில்லை. அதே பெய்ஜிங்கின் இன்னொரு அணியில் சேர்ந்து ஒரு சீசன் ஆடி, 2018 பிப்ரவரியில் முடித்தார். பிறகு பயிற்சியாளராகவும் அதே ஊரில் உட்கார்ந்தார். அந்த அட்டை நமக்குச் சுலபத்தில் கிடைக்காது தம்பி, அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே காலம் தள்ளுவோம்.

பள்ளி விஷயம் என் மனைவிக்குத்தான் தெரியும், வந்ததும் பேசுங்கள். மாதம் எவ்வளவு மிச்சம் பிடிப்பது என்பது உங்கள் கையில். சைவத்துக்குப் பயம் வேண்டாம், டோஃபுவும் கீரையும் தெருவுக்குத் தெரு உண்டு. புளிகூட யுன்னானிலிருந்து வருகிறது. புழுங்கலரிசியும் சாம்பார் பொடியும் எடுத்து வாருங்கள், பெட்டியில் இடம் இருந்தால் எனக்கு இரண்டு கட்டு அப்பளம்.