ஆவன செய்யுமாறு

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் 212 பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். காலநிலை மாற்றத்துக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பப்போகிறோம். மனுவை இணைத்திருக்கிறேன். எந்த மொழியில் அனுப்புவது நல்லது? பெரியவர்கள் சிலர் "எங்களுக்கேன் இந்த வேலை" என்று கதவைச் சாத்துகிறார்கள். அவர்களை எப்படி இணங்கவைப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள பிள்ளைக்கு,

மனுவை இரண்டு தரம் வாசித்தேன். 212 கையெழுத்து சின்ன வேலையில்லை, லிஃப்ட் ஓடாத மாடிகளையும் ஏறியிருப்பீர்கள். மொழியென்றால், தமிழில் எழுதிச் சிங்களத்தில் ஒரு பிரதி வையுங்கள், போதும். கதவைச் சாத்துகிறவர்களை இப்போதைக்கு விடுங்கள். இனித் திட்டப்போகிறேன்.

உங்கள் மனுவின் கடைசி வரி இது: "காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து எம்மைக் காக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." இந்த "ஆவன"வை உங்களுக்கு யார் பழக்கியது?

என் அப்பா புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து மனு எழுதிக்கொடுத்தவர். வருகிறவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், முதலிலிருந்து கதை சொல்வார்கள். எல்லாம் கேட்டுவிட்டு, தாளைச் செருகுவதற்கு முன் ஒன்று கேட்பார்: "நாளைக்கு அந்தத் துரை ஓம் என்று சொன்னால், நாளன்றைக்கு என்ன நடக்கவேண்டும்?" அதற்குப் பதில் வரும்வரை ஓர் எழுத்தும் அடிக்கமாட்டார். "ஆவன" என்று எழுதினால் அவர்களுக்கு ஆவதைத்தான் செய்வார்கள் என்பார்.

அப்படிப்பட்ட மனிதர், எங்கள் ஒழுங்கைக் கானை அகலமாக்கக் கேட்டுத் தனக்கென்று எழுதிய ஒரே கடிதத்தில் "ஆவன செய்யுமாறு" என்றுதான் எழுதினார். அடுத்தவருக்காக அதட்டிக் கேட்டவருக்குத் தன் வீட்டுக்குக் கேட்க வெட்கம். பதில் வந்தது: "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." ஆவனவுக்கு உரியது. 1992 ஜூன் 4ஆம் திகதி இரவு பிடித்த மழை, ஒரே நாளில் கொழும்பில் ஏறத்தாழ அரை மீற்றர் கொட்டியது. வெள்ளவத்தை வாய்க்கால் வீட்டுக்குள் வந்தது. அம்மா அரிசி மூட்டையைத் தூக்கினார், அப்பா தட்டச்சு இயந்திரத்தை அலுமாரிக்கு மேல் ஏற்றினார். எனக்குப் பதினைந்து வயது. இருவரும் அன்று ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

2010 நவம்பரில் தண்ணீர் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே போனது. தியவன்னா ஏரியின் நடுவில் கட்டினால் போகாமல் என்ன செய்யும்? ஆவன செய்யவேண்டியவர்களின் வாசலுக்கே வெள்ளம் போயும் ஒன்றும் ஆகவில்லை என்றால், உங்கள் தாழ்மை என்ன செய்யும்?

பிரித்தானியாவில் 2005இல் தொடங்கி ஏறத்தாழ 2 இலட்சம் பேர் தங்கள் எம்.பி.க்களை நெருக்கினார்கள். எங்களைக் காப்பாற்றுங்கள் என்றா கேட்டார்கள்? கரியமில வாயுவை ஆண்டுக்காண்டு குறைக்கச் சட்டம் போடு என்றார்கள். 2008இல் சட்டம் வந்தது. ஆண்டுக்கணக்குக் கேட்டவர்களுக்கு ஐந்தாண்டுக் கணக்குத்தான் கிடைத்தது. பரவாயில்லை, கணக்கென்று ஒன்று கிடைத்ததே.

நம் நாடும் எண்கள் சொல்லியிருக்கிறது. 2021இல் ஐ.நா.வுக்குக் கொடுத்த பத்திரத்தில், 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து, 2050இல் காபன் சமநிலை, அதாவது வெளிவிடுகிற அளவு காபனை உறிஞ்சியும் விடுவது, என்று இருக்கிறது. அது வாக்குறுதி. தவறினால் இங்கே யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. இந்த எண்களைச் சட்டத்தில் எழுது, ஆண்டுக்கொருமுறை அமைச்சர் சபையில் எழுந்து கணக்குச் சொல்லட்டும் என்று கேளுங்கள். அதற்கு ஓம் அல்லது இல்லை என்றுதான் சொல்லமுடியும்.

இன்னொன்று. உங்கள் மனுவில் துருவக் கரடி இருக்கிறது, பதுளை இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைநாடு சரிந்தது. உங்கள் தொடர்மாடியிலேயே மலையகத்தில் சொந்தக்காரர் உள்ளவர்கள் இருப்பார்கள். 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தை மண் மூடியபோதும் அந்தச் சரிவு ஆபத்து என்று பல ஆண்டுகள் முன்பே சொல்லியிருந்தார்கள். எச்சரிக்கை தாளில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். அபாயம் என்று குறித்த நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் மாற்றுக் காணி என்று சட்டம் சொல்லவேண்டும் எனக் கேளுங்கள். கரடியைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மாவட்டத்தின் 18 பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பாதீர்கள். ஆளுக்காள் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள். கையெழுத்திட்டவர்கள் விருப்பு வாக்குப் போட்டது யார் யாருக்கு என்று கேளுங்கள். அவர்களில் வென்ற இரண்டு மூன்று பேரிடம் நேரில் போங்கள். மனுவைப் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குக் கொண்டுபோவதென்றாலும் ஓர் உறுப்பினர்தான் சமர்ப்பிக்கவேண்டும். பள்ளிக்கூட அனுமதிக்கும் இடமாற்றத்துக்கும் சிபாரிசுக் கடிதம் கேட்டு அவர்கள் வாசலில் நிற்க நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அதே வாசல்தான்.

வாசகம் மாறினால் பழைய கையெழுத்து செல்லாது. 212 பேரிடமும் மறுபடி ஏறவேண்டும், கால் வலிக்கும். அப்புறம், கதவைச் சாத்தியவர்களிடம் இந்த முறை 1992இல் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேட்டுப்பாருங்கள். உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டுவார்கள். பேனாவை அப்போது எடுங்கள்.