ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் பொமரேனியன் ஜிம்மிக்கு 11 வயது, எடை 6 கிலோ. நாலைந்து மாதமாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான். ராத்திரி கூடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறான். எவ்வளவு போட்டாலும் பசி அடங்கவில்லை. வயிறு பானை மாதிரி தொங்குகிறது, விலாப் பக்கம் முடி கொட்டி வழுக்கையாகிவிட்டது. டாக்டர் குஷிங் நோய் என்று சொல்லி ட்ரைலோஸ்டேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டுமாம். இந்த வயதில் அவனுக்கு இது தேவையா? இப்போதைக்கு ராத்திரியில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறோம். (மதுரை வாசகி)

பதில்: முதலில் அந்தக் கிண்ணத்தை இன்றைக்கே திரும்ப வையுங்கள். ஜிம்மி நிறையக் குடிப்பதால் நிறையப் போகவில்லை. சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியவில்லை. போனதை ஈடுகட்டத்தான் குடிக்கிறான். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் நிற்காது, உடம்பு வறண்டுபோகும். படுக்கும் முன் ஒரு முறையும் நடு ராத்திரி ஒரு முறையும் வெளியே கூட்டிப் போங்கள். அவன் படுக்கும் இடத்தில் பழைய துணியை மடித்துப் போடுங்கள்.

குஷிங் என்றால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது. 100 நாய்களில் 80க்கு மேல் காரணம், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் சின்னக் கட்டி. அது சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிகளை ஓயாமல் விரட்டிக்கொண்டே இருக்கும். மற்றவற்றுக்கு அட்ரினலிலேயே கட்டி. இரண்டுக்கும் வைத்தியம் வேறுபடும் என்பதால், வயிற்று ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

ட்ரைலோஸ்டேன் கட்டியைக் கரைக்காது, கார்டிசால் உருவாவதைத் தடுக்கும், அவ்வளவுதான். நிறுத்தினால் சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். ஆயுள் முழுக்க என்று உங்கள் டாக்டர் சொன்னது அதனால்தான். தொந்தரவு லேசாக இருக்கும் நாய்க்கு நானே மருந்து தொடங்காமல் காத்திருந்ததுண்டு. ஆனால் ஜிம்மி தூக்கம் கெட்டு, பசியில் அலைந்துகொண்டிருக்கிறான். அவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். வயதைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. குஷிங் வந்த நாய் சோற்றை வேண்டாம் என்று சொல்லவே சொல்லாது. மருந்து தொடங்கி மூன்றாவது வாரம் ஒரு டாக்ஸ்ஹண்ட் நாய் தட்டில் பாதியை மீதி வைத்தது. வீட்டம்மா, "மருந்து கேட்குது டாக்டர், பசி அடங்கிருச்சு" என்று சந்தோஷமாகப் போன் செய்தார். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் நிற்கவில்லை, நாடித்துடிப்பு மெதுவாக இருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. கார்டிசால் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது. சலைனும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டபின் சாயங்காலம்தான் தலையைத் தூக்கியது. அந்தப் போன் வந்தபோதே நான் மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் இதை இரண்டு முறை சொல்லி அனுப்புகிறேன்: ஜிம்மி ஒரு வேளை சாப்பாட்டை மறுத்தாலும், வாந்தி, பேதி, சோர்வு, நடுக்கம் எது வந்தாலும், அடுத்த மருந்தைக் கொடுக்காமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கேப்சூலைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள். பிரித்துப் பாதி பாதியாக ஆக்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அதைத் தொடவே கூடாது.

தொடங்கிய 10 முதல் 14 நாட்களுக்குள் ரத்தப் பரிசோதனை. பிறகு ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில். பலர் ரத்தம் எடுக்கிறார்களே என்று நாயைப் பட்டினி போட்டுக் கூட்டி வருகிறார்கள். இந்த ஏசிடிஹெச் பரிசோதனைக்கு (அட்ரினலைத் தூண்டிவிட்டு எவ்வளவு கார்டிசால் சுரக்கிறது என்று பார்ப்பது) அன்று வழக்கம்போலச் சாப்பாடும் மருந்தும் கொடுத்து, நாலு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதுதான் வழக்கம். எப்போது வர வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து கேட்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி, அதிலிருந்து மட்டும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரம் மீதியை அளந்து குறித்து வையுங்கள். ஒரு நாளில் அவன் குடித்தது, அவன் எடைக்கு 600 மில்லி தாண்டினால் அதிகம். முதலில் குறைவது தண்ணீர்தான், சில வாரங்களிலேயே தெரியும். முடி முளைக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் மனம் தளர வேண்டாம்.

சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கும் (கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது) கொடுங்கள். கார்டிசால் அதிகமாக இருக்கும்போது சிறுநீர்த் தொற்று வலியே காட்டாமல் ஒளிந்திருக்கும். ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். கணையம் வீங்கும் ஆபத்து இருப்பதால் நெய், கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு வேண்டாம். தோல் நீக்கி வேகவைத்த கோழியும் சோறும் காய்கறியும் போதும். தொடைச் சதை கரைந்திருக்கும், டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். நடமாடும் இடத்தில் கோணிச் சாக்கு விரியுங்கள்.

நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். அரிப்புக்கென்று ஜிம்மிக்கு அடிக்கடி ஊசியோ பிரெட்னிசலோன் மாத்திரையோ போட்டதுண்டா? அந்த ஸ்டீராய்டே இதே வயிற்றையும் வழுக்கையையும் கொண்டுவரும். அப்படியென்றால் ட்ரைலோஸ்டேன் கொடுக்கவே கூடாது. ஸ்டீராய்டையும் சட்டென்று நிறுத்தாமல் டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, முதல் கேப்சூலைக் கொடுக்கும் முன் உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.