மாட்டு ரத்தத்தை ஃப்ரீசரில் வைக்கலாமா?

புதிதாகப் பணியில் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஒருவர் கேட்கிறார்: "கன்று ஈன்ற மறுநாள் படுத்துவிட்ட பசுவிடம் தசைச் சிதைவைக் காட்டும் சிகே, ஏஎஸ்டி நொதிகளைப் பார்க்க ரத்தம் எடுத்தேன். ஆய்வகம் தூரம். குழாயை அப்படியே ஃப்ரீசரில் வைத்து மறுநாள் அனுப்பினேன். சீரம் (ரத்தம் கட்டியபின் பிரியும் தெளிந்த நீர்) சிவந்திருக்கிறது, வேறு அனுப்புங்கள் என்கிறார்கள். குளிரில் நொதி கெடாதுதானே?"

குளிரில் வைத்தது தப்பில்லை. முழு ரத்தத்தையும் பனிக்கட்டியாக இறுகவிட்டதுதான் தப்பு. அப்போது சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அவற்றுக்குள் ஏஎஸ்டி நிறைய உண்டு. அது சீரத்தில் கலந்த பிறகு, தசையிலிருந்து வந்தது எது, குழாயிலேயே கசிந்தது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. சிகே சிவப்பணுவில் இல்லை. ஆனாலும், உடைந்த அணுவிலிருந்து வரும் அடினைலேட் கைனேஸ் என்ற வேறொரு நொதி பரிசோதனையில் குறுக்கிட்டு சிகே அளவைக் கூட்டிக் காட்டும். ஆக, உங்களுக்கு வேண்டிய இரண்டுமே போச்சு.

சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். ரத்தம் கட்டிக்கொள்ள அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பைக்கில் குலுங்க வேண்டாம். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே நிற்கும் சீரத்தை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. ஊதா மூடிக் குழாய் இதற்கு ஆகாது. அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ, சிகே வேலை செய்யத் தேவையான மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதால் சிகே குறைவாகத் தெரியும்.

பிரித்த சீரத்தை ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் ஏஎஸ்டியும், ஜிஜிடி என்ற ஈரல் நொதியும் சில நாள் தாங்கும். சிகே அவ்வளவு பொறுக்காது. வெயிலும் வெளிச்சமும் பட்டால் இறங்கும், முடிந்தவரை அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். எல்டிஹெச் என்ற நொதி ஒரு விசித்திரம்: தசையில் உள்ள வகைக்குக் குளிர்தான் எதிரி. அதைக் கேட்டிருந்தால் அறை வெப்பத்திலேயே சீக்கிரம் அனுப்புங்கள்.

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக் மேல் குழாயை நேரடியாக வைக்காதீர்கள். ஆரம்பத்தில் நானும் அப்படி அனுப்பி, பாதி இறுகிய குழாய்களைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். இடையில் நாலு மடிப்புச் செய்தித்தாள் போதும்.

சரி, அந்தப் பசுவிடம் புது மாதிரி எடுங்கள். தசைச் சிதைவு நின்றிருந்தால் சிகே ஓரிரு நாளில் வேகமாக இறங்கியிருக்கும், ஏஎஸ்டி மெதுவாகத்தான் இறங்கும். அதனால் மாடு எப்போது படுத்தது, ரத்தம் எப்போது எடுத்தது என்று சீட்டில் எழுதுங்கள். இதற்குள் தொடையில் ஊசி போட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், தசை ஊசியே சிகேயை ஏற்றிவிடும்.