வெள்ளைச் சுவரில் கரும்பூஞ்சை எப்படி வந்தது?

கேள்வி: வெள்ளை பெயின்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு, அது வெளிச்சம் பட்டால் கிருமியைக் கொல்லும் என்று படித்தேன். அப்படியென்றால் எங்கள் குளியலறை வெள்ளைச் சுவரில் கரும்பூஞ்சை எப்படி வளர்கிறது?

பதில்: பொருள் ஒன்றுதான், ஆனால் பெயின்டில் இருப்பதன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் வெயில் குடித்த வெளிச்சுவர் ஒன்றை விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும். புற ஊதாக் கதிர் பட்டதும் டைட்டானியம் டை ஆக்சைடு தன்னைப் பிடித்துவைத்திருக்கும் பிசினையே அரிப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சுவர் உதிரக்கூடாது என்றுதான் பெயின்டுக்கான துகள்களுக்கு சிலிக்கா, அலுமினா என்று மெல்லிய உறை போடுகிறார்கள். கிருமியை அழிக்க வேண்டுமானால் அந்த உறை இல்லாத, அனட்டேஸ் என்ற படிக வகையைச் சேர்ந்த, மிக நுண்ணிய துகள் வேண்டும். அதில் ஒளி விழுந்தால் எலக்ட்ரான் ஒன்று மேலே தாவும், அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலியிடம் ஈரத்திலிருந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான மூலக்கூறை உண்டாக்குகிறது, தாவிய எலக்ட்ரானோ ஆக்சிஜனைப் பிடித்து சூப்பர்ஆக்சைடாக மாற்றுகிறது, இரண்டும் சேர்ந்து பாக்டீரியாவின் சவ்வுக் கொழுப்பைக் கிழிக்கின்றன. 1985-லேயே ஜப்பானில் மட்சுனாகா குழுவினர் பிளாட்டினம் சேர்த்த டைட்டானியம் டை ஆக்சைடையும் ஒளியையும் வைத்து ஈ.கோலை பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் கொன்று காட்டிவிட்டார்கள்.

கேள்வி: வீட்டு எல்இடி வெளிச்சத்திலேயே வேலை செய்யும் "மேம்படுத்தப்பட்ட" பூச்சு என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: அறிவியல் உண்மைதான், ஆனால் எதைச் சேர்த்து மேம்படுத்தினார்கள் என்று கேளுங்கள். சாதாரண அனட்டேஸில் எலக்ட்ரான் தாவ 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அதாவது சுமார் 388 நானோமீட்டருக்குக் கீழான அலைநீளமுள்ள புற ஊதா ஒளி. வெயிலிலேயே புற ஊதா ஏறக்குறைய 5 சதவீதம்தான், வீட்டு எல்இடியில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். அதனால் 2001-ல் அசாஹி குழுவினர் படிகத்துக்குள் நைட்ரஜனைப் புகுத்தி கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே அதை இயங்க வைத்தார்கள். இயங்குகிறது, ஆனால் புற ஊதாவில் வரும் வீரியம் இருக்காது. வெள்ளி, தாமிரம் சேர்ப்பது இன்னொரு வழி. தாவிய எலக்ட்ரான் பழைய இடத்துக்கே திரும்பி விழுந்தால் எல்லாம் வீண், வெள்ளித் துகள் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் வெள்ளி அயனி இருட்டிலும் தானாகவே கிருமியைக் கொல்லும். ஆக, வெள்ளி சேர்த்த பூச்சு நன்றாக வேலை செய்தால் பெருமை ஒளிக்கா வெள்ளிக்கா என்பது இருட்டில் வைத்துச் செய்த சோதனையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த ஒப்பீடு இல்லாத விளம்பரத்தை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: சரி, அதை வாங்கி அந்தக் கரும்பூஞ்சை மேல் அடித்தால் போய்விடுமா?

பதில்: போகாது. பாக்டீரியாவைவிடப் பூஞ்சை முரட்டுப் பிறவி. அதன் செல் சுவர் கைட்டினும் குளுக்கானும் சேர்ந்த தடித்த சுவர், கறுப்பு ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவற்றின் வித்துகளில் மெலனின் வேறு கவசமாக நிற்கிறது. பாக்டீரியா சாகும் நேரத்தில் இந்த வித்துகளுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். அப்புறம், ஹைட்ராக்சில் பிறந்த இடத்திலேயே தீர்ந்துபோகும், நகர்ந்து போய் அடிக்காது. துகளைத் தொட்டுக்கொண்டிருப்பதுதான் அடிபடும். ஏற்கெனவே படர்ந்த பூஞ்சையோ, சோப்புப் படலமோ, தூசியோ நடுவில் இருந்தால் அந்தப் பூச்சு இருந்தும் பயனில்லை. முதலில் சுவரைத் தேய்த்துக் கழுவி, கசிவை அடைத்து, காயவிட்டு, பிறகு பூசுங்கள், பூசிய பின்னும் அடிக்கடி துடையுங்கள். ஸ்ப்ரேயாக அடிப்பதைவிட பிரஷ்ஷால் பூசுவது மேல், ஏனென்றால் மூச்சில் போகும் டைட்டானியம் டை ஆக்சைடைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2பி பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில், வைத்திருக்கிறது. சுவரில் காய்ந்து ஒட்டிவிட்ட பூச்சுக்கு இந்தக் கவலை இல்லை, அதைச் சுரண்டாத வரை.