ராணியை விடுங்கள் தம்பி, வலையைத் தூக்குங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் சின்னதாக ஒரு கெலோங், அதாவது கடல்மேல் மீன் பண்ணை, வைத்திருக்கிறேன். எட்டுக் கூண்டில் கொடுவா, பக்கத்தில் பச்சை மட்டிக் கயிறுகள். இரண்டு மாதமாகக் கூண்டு வலையில் மஞ்சளும் சாம்பலுமாக மெத்தை போல ஏதோ வளர்கிறது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே தேனடை மாதிரி ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை குட்டி இறால். இரவில் படபடவென்று சத்தம் வேறு. கடலுக்கடியில் கூடு கட்டி வாழும் 'கடல்தேனீ' என்று என் அக்கா மகன் ஒரு காணொளி காட்டினான். ராணி, காவலாள், நீலத் தேன் எல்லாம் உண்டாம். ஒருவர் ராணி ஒன்று 300 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது அதுதானா? பிரித்து வளர்த்து விற்கலாமா? போன வாரம் இரண்டு விடியற்காலைகளில் 40 கொடுவா செத்து மிதந்தன. இதுகள் கொட்டியிருக்குமோ? படங்கள் அனுப்பியுள்ளேன்.

பதில்: தம்பி, அந்த 300 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும். காணொளியில் வரும் கடல்தேனீ யாரோ கற்பனையில் செய்த பிராணி. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், நானே இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் தேன் வேண்டுமென்றால் பூவில் தேன் ஊற வேண்டும். உங்கள் உபின் தீவின் செக் ஜாவா கரைப் பக்கம் கடற்புல் பூக்கத்தான் செய்கிறது. அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தத்தைத் தண்ணீரே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

அதற்காக மருமகனைத் திட்டாதீர்கள். ராணி வைத்துக் கூட்டமாக வாழும் இறால் உலகத்தில் உண்டு. கரீபியன் கடலோரத்தில் பெலீஸ் நாட்டுப் பவளப்பாறைகளில், கடற்பஞ்சுக்குள் (ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும், உடம்பெல்லாம் ஓட்டையான கடற்பிராணி) குடியிருக்கும் சினால்ஃபியஸ் ரெகாலிஸ் என்ற இறாலைப் பற்றி எம்மெட் டஃபி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் எழுதினார். கடலில் இப்படி ஓர் உயிர் வாழ்வதாக அதுவரை யாரும் காட்டியதில்லை. ஒரு பஞ்சுக்குள் 300க்கும் மேல் இருக்கும், முட்டையிடுவது ஒரே ஒரு ராணி. உருவத்தில் பெரியவை வாசலில் நின்று அந்நியனை அடித்து விரட்டும். இதன் உறவுக்கார இறால் ஒன்றில் ராணி தன் சண்டைக் கொடுக்கையே உதிர்த்துவிட்டு, அந்த இடத்தில் சின்னக் கொடுக்கு வளர்த்துக்கொள்கிறது. காவலுக்குத்தான் ஆள் இருக்கிறதே.

என்னைக் கேட்டால் இதைத் தேனீயோடு ஒப்பிடுவதே பொருந்தாது, கரையானோடு ஒப்பிடலாம். தேனீயில் வேலைக்காரர்கள் எல்லாம் பெண்கள். இங்கே கரையான் போல ஆணும் பெண்ணும் கலந்து. கூடும் இதுகள் கட்டியது கிடையாது. 'கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது' என்போமே, அந்தக் கதைதான். தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிச் சாப்பிடக் கடற்பஞ்சு தன் உடம்பில் வாய்க்கால் விடுகிறது, இறால் அதில் குடித்தனம் நடத்துகிறது. உங்கள் வலையில் மெத்தை போல வளர்வதும் கடற்பஞ்சுதான், நீங்கள் தேனடை என்று பார்த்தது அந்த வாய்க்கால்களைத்தான்.

சரி, உங்கள் கூண்டில் இருப்பது என்ன? படத்தில் ஒரு கொடுக்கு மட்டும் குத்துச்சண்டைக்காரன் கையுறை மாதிரி பெருத்திருக்கிறது. சொடுக்கு இறால், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வயிற்றுக்கடியில் பச்சை முட்டை சுமப்பவை ஒரே துண்டில் மூன்று இருக்கின்றன. ஒரு கூட்டுக்கு மூன்று ராணியா? இது ஜோடி ஜோடியாகக் குடியிருக்கும் அடுக்குமாடி. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் போல வைத்துக்கொள்ளுங்கள், அரண்மனை இல்லை.

படபட சத்தமும் இதுகளுடையதுதான். கொடுக்கைச் சட்டென்று மூடும்போது தண்ணீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது. சத்தம் வருவது கொடுக்கு மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி நசுங்கி உடைவதால் என்று 2000இல் அதிவேகப் படம் எடுத்துக் காட்டினார்கள். சிங்கப்பூர்க் கடலடிச் சத்தத்தில் இந்த இறால்களின் பங்கு பெரியது. நம் தேசியப் பல்கலைக்கழக ஒலி ஆய்வாளர்களுக்கு இது தீராத தலைவலி. படகின் அடித்தட்டில் காதை வைத்தால் எண்ணெயில் கடுகு வெடிப்பது போலக் கேட்கும். அந்த அடி விரலளவு தூரத்தில் இருக்கும் பொடி இரையைத்தான் மயக்கும். அரை கிலோ கொடுவாவுக்கு அது கொசுக்கடிகூட ஆகாது.

அப்படியானால் 40 மீன் எப்படிச் செத்தது? கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'விடியற்காலை' என்ற சொல்தான் எனக்கு உறைத்தது. பகலில் பாசி வெயிலில் காற்றை விடும், இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து இழுக்கும். விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் பிராணவாயு அடிமட்டத்தில் இருக்கும். நீங்கள் சொன்ன இரண்டு நாளையும் நாள்காட்டியில் பார்த்தேன்: அஷ்டமி கழிந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும். அஷ்டமி, நவமி நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நம் வீட்டில் சொல்வார்கள். மீன்காரனுக்கு அதில் வேறு நியாயம் இருக்கிறது. அரைநிலா நாட்களை ஒட்டி ஓதம் மந்தம், நீரோட்டம் குறைவு. அதுவும் நம் ஜோகூர் நீரிணை எப்படிப்பட்டது? 1924இல் திறந்த ஜோகூர் கடற்பாலம் அணை போலக் கிழக்கையும் மேற்கையும் பிரித்து நிற்கிறது, தண்ணீர் இந்தப் பக்கம் வந்து இந்தப் பக்கமே திரும்ப வேண்டும். அதன்மேல் வலைக் கண்ணை அடைத்துக்கொண்டு இரண்டு மாதப் பஞ்சு. மீன் மூச்சுமுட்டித்தான் செத்திருக்கிறது.

ஊகம் என்று நினைத்தால் தண்ணீரில் பிராணவாயுவை அளந்து பாருங்கள். காலை ஐந்து மணிக்கு, இரண்டு மீட்டர் ஆழத்தில், கூண்டுக்கு உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். வெளியே 5, உள்ளே 3 என்று வந்தால் திருடன் வலைதான். உள்ளும் வெளியும் ஒன்றுபோல இறங்கி, கடலும் நிறம் மாறி, பக்கத்துப் பண்ணையிலும் மீன் மிதந்தால் அது வேறு விவகாரம். 2015இல் மிதவைப்பாசி பெருகி 500 டன்னுக்கும் மேல் மீன் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படி என்றால் உடனே சிங்கப்பூர் உணவு முகவைக்குச் சொல்லுங்கள். சாகும் நிலையில் உள்ள மீன் இரண்டு மூன்றைப் பனிக்கட்டியில் வைத்துக் கொடுங்கள். உறைய வைத்தால் சோதனைக்கு உதவாது.

இன்று இரவே காற்றுக் குழாய் போடுங்கள். சாயங்காலத் தீனியை நிறுத்துங்கள், செரிக்கவும் மீனுக்குப் பிராணவாயு வேண்டும். காலையில் வெயில் ஏறிய பிறகு கொடுத்தால் போதும். அப்புறம் வலை. புது வலையை வெளிப்பக்கம் கட்டிவிட்டு, பழையதை உள்ளிருந்து மெதுவாக உருவுங்கள். நீரோட்டம் நன்றாக ஓடும் நாளில் செய்யுங்கள், மந்தமான நாளில் கலக்கிவிட்டால் மிச்ச மீனும் போகும்.

பழைய வலையைக் கூண்டுப் பக்கத்திலேயே கழுவாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணையில் தண்ணீரைப் பீய்ச்சி அங்கேயே அடித்துக் கழுவினேன், வலை பளபளவென்று ஆனது. இரண்டே மாதத்தில் எட்டுக் கூண்டிலும் பஞ்சு. 1907இலேயே வில்சன் என்பவர் கடற்பஞ்சைத் துணியில் போட்டுப் பிழிந்து பார்த்திருக்கிறார், சிதறிய உயிரணுக்கள் மறுபடி ஒட்டிக்கொண்டு பஞ்சாகிவிட்டன. நான் ஊரெல்லாம் விதை தூவியிருக்கிறேன்! வலையைப் பலகைமேல் விரித்து நாலு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள், பிறகு தட்டினால் உதிரும். உதிர்ந்ததைக் கடலில் தள்ளாமல் மூட்டை கட்டிக் கரைக்கு அனுப்புங்கள். பாசிக்கு மட்டும் என்றால் கூண்டுக்குப் பத்து ஓரா மீன் விடலாம், சீனப் புத்தாண்டுக்கு நல்ல விலையும் போகும். முள் விஷம், கையுறை போட்டுப் பிடியுங்கள். பஞ்சை ஓரா தின்று தீர்த்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். படகிலும் வலையிலும் பாசி பிடிக்காமல் இருக்க அடித்த பழைய தகரக் கலவைப் பூச்சு டப்பா எங்காவது மூலையில் கிடந்தால் தொடவே வேண்டாம். சிப்பி ஓடுகளைக் கோணலாக்கிய பூச்சு அது, தடை வந்து பல வருடம் ஆகிறது.

விற்கலாமா என்று கேட்டீர்கள். பஞ்சைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினாலே வாய்க்காலில் காற்று புகுந்து அழுகத் தொடங்கும், குடியிருப்பவையும் கூடவே போகும். வெளியிலிருந்து 'ராணி' வாங்கிக் கடலில் விடுவது அதைவிட மோசம், அனுமதியில்லாமல் அந்த வேலைக்கே போகாதீர்கள்.

மருமகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தூக்கிய வலையிலிருந்து முஷ்டியளவு பஞ்சு ஐந்தை வெள்ளைப் பேசினில் கடல்நீர் விட்டுப் போட்டு, மெதுவாகப் பிளந்து, முட்டைக்காரிகளை எண்ணச் சொல்லுங்கள். ஐந்திலும் பெருங்கூட்டத்துக்கு ஒரே ஒருத்தி என்று வந்தால் உடனே எனக்குத் தெரிவியுங்கள். சாங்கி முனையில் பம்போட் பிடித்து நானே வந்துவிடுகிறேன், வாடகை என் செலவு.