மூன்று வாரமாக விடாத காய்ச்சல்: பூனையை வேப்பேரிக்குக் கொண்டுபோகவா?

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒன்பது மாதம். மூன்று வாரமாகக் காய்ச்சல், 104-ல் நிற்கிறது. இரண்டு ஆன்டிபயாட்டிக் மாற்றியும் கேட்கவில்லை, உடம்பு இளைக்கிறது. எங்கள் டாக்டர், "எனக்குப் பிடிபடவில்லை, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்" என்கிறார். கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமா?

பதில்: இல்லவே இல்லை. பிடிபடவில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, எங்கே போக வேண்டும் என்றும் சொல்கிறவர் நல்ல டாக்டர். மூன்றாவது ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் பத்து நாள் வீணாகியிருக்கும். இந்த வாரமே போங்கள்.

ரத்தத்தில் வரும் ஒட்டுண்ணி, பூனை லுகேமியா வைரஸ் என்று பல காரணம் இருக்கலாம். ஆனால் இந்த வயதில், மருந்துக்கு அடங்காத காய்ச்சல் என்றால் எனக்கு முதலில் எஃப்.ஐ.பி. (Feline Infectious Peritonitis) என்ற நோயின் ஞாபகம்தான் வரும். பூனைகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸால் வருவது, மனிதருக்கு ஒட்டாது. பெரும்பாலான பூனைகளுக்கு அது லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும், சில குட்டிகளின் உடம்புக்குள் மட்டும் வைரஸ் உருமாறி ஆபத்தாகிறது. வயிற்றில் மஞ்சள் நீர் கோக்கலாம், நீரே இல்லாமல் கண்ணையோ நரம்பையோ பாதிக்கவும் செய்யலாம். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இது உறுதியாகாது. ஸ்கேன், ரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்ற புரதங்களின் விகிதம், நீர் இருந்தால் அதன் மாதிரி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும். அதற்குத்தான் சிறப்பு மருத்துவர்கள்.

நான் படித்த காலத்தில் எஃப்.ஐ.பி. என்றால் கருணைக்கொலை பற்றித்தான் பேசுவோம். 2019-ல் வெளியான ஆய்வில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு ஜி.எஸ்.-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, 25 பிழைத்தன. அந்த ஆய்வில் குறைந்தது 12 வாரம் தினமும் கொடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள், அளவு எடையைப் பொறுத்தது. அதனால் நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

போகும்போது எல்லா ரத்த ரிப்போர்ட்டும், போட்ட ஊசி மாத்திரைகளின் பெயரும் தேதியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், பரிசோதனை முடிவைக் குழப்பிவிடும். அப்புறம், காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இரண்டு நாள் சுத்தமாகச் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பிக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நாள் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள்.